இரோக்கோ: ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயரில் வரும் மரத்தின் குணமும் குறையும்

மர வியாபாரத்தில் ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அதைப் பற்றிக் கேட்டால் வரும் பதில்கள்தான் குழப்பமாக இருக்கின்றன. மழையில் கிடந்தாலும் உளுத்துப்போகாத மரம் என்கிறார் ஒருவர். ரம்பப் பல்லை உடைத்துவிட்டது, இழைத்தால் பிய்த்துக்கொண்டு வருகிறது, தூள் பட்டால் அரிக்கிறது என்கிறார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பெயரில் மிக அதிகமாகப் புழங்கும் இரோக்கோ மரத்துக்கு இந்த எல்லாமே பொருந்தும். அதன் நல்ல குணங்களில் பலவும் தொல்லைகளில் பலவும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை. அந்தக் காரணங்கள் தெரிந்தால், எந்த வேலைக்கு இந்த மரம், எதற்கு வேண்டாம் என்பதை யாரையும் கேட்காமலே முடிவு செய்துவிடலாம்.

ஒரு பெயர், பல மரங்கள்

‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்பது ஒரு மரத்தின் பெயர் அல்ல, விற்பனைப் பெயர். அதற்குள் அடங்குபவை:

1. இரோக்கோ. தாவரவியல் பெயர் மிலீசியா எக்செல்சா. மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் வளரும் மிலீசியா ரீஜியா என்ற நெருங்கிய உறவும் சந்தையில் இதே பெயரில் கலந்தே வருகிறது. இக்கட்டுரை இதைப் பற்றியது.

2. அஃப்ரோர்மோசியா, அதாவது பெரிகாப்சிஸ் எலாட்டா. பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு போகக் கூடாது.

3. சாம்பேசித் தேக்கு, பழைய பெயர் ரொடீசியத் தேக்கு. சாம்பியா, ஜிம்பாப்வே பக்கத்து மரம். செந்நிறம், நல்ல கனம். ஒரு காலத்தில் ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் போடும் கட்டைகளாக ஏராளமாகப் போனது.

4. கியாட் அல்லது முக்வா. தென்கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வேங்கையும் செஞ்சந்தனமும் இருக்கும் அதே டெரோகார்ப்பஸ் பேரினம்.

5. உண்மையான தேக்கு. ஆசியாவிலிருந்து கொண்டுபோய் கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட், டான்சானியா போன்ற நாடுகளில் தோட்டமாக வளர்க்கப்படுவது.

இந்த ஐந்தில் தாவரவியல்படி தேக்கு என்று சொல்லத் தகுந்தது கடைசி ஒன்று மட்டும்தான். மற்ற நான்குக்கும் தேக்குக்கும் குடும்ப உறவே கிடையாது.

இரோக்கோ என்பது யொரூபா மொழிச் சொல். இதையே கானாவில் ‘ஓடும்’ (Odum), கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘ம்வூலே’, காங்கோவில் ‘கம்பாலா’ என்பார்கள். பட்டியலில் எந்தப் பெயர் இருந்தாலும் மரம் இதுதான்.

எந்தக் குடும்பத்து மரம்

பலா, ஆல், அரசு, அத்தி, முசுக்கட்டை ஆகியவை இருக்கும் மோரேசி குடும்பம் இரோக்கோவுடையதும். மேற்கே கினியா முதல் கிழக்கே மொசாம்பிக் வரை, ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பெரிய பட்டையில் வளர்கிறது. 50 மீட்டர் உயரம் வரை போகும். கிளையே இல்லாத நேர் தண்டு 20 மீட்டர் கிடைப்பது உண்டு. குறுக்களவு 2 மீட்டரைத் தாண்டும் மரங்களும் இருந்திருக்கின்றன. அகலமான, கணு இல்லாத பலகைகள் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

பலாக் கட்டை அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, போகப்போகப் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். இரோக்கோவும் அப்படியே. அறுத்தவுடன் பளிச்சென்ற மஞ்சள், சில மாத வெளிச்சத்தில் தங்கப் பழுப்பு, பிறகு அடர் பழுப்பு. புதுப் பலகைகளை நிறம் பார்த்து இணை சேர்ப்பதில் பெரிய பயன் இல்லை. ஒன்று வெளிச்சத்தில் கிடந்திருக்கும், மற்றொன்று அடுக்குக்கு நடுவே இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். புதுத் தரையில் விரிப்பு போட்டு வைத்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றுவிடும்.

வைரம் வேறு, வெள்ளை வேறு

மரத்தின் தண்டில் இரண்டு பகுதிகள். உள்ளே உயிர் ஓய்ந்துபோய் இறுகிய பகுதி வைரம். வெளியே நீரோட்டம் இன்னும் நடக்கும் இளம் பகுதியைத் தச்சர்கள் வெள்ளை என்பார்கள். இரோக்கோவில் வெள்ளைப் பகுதி சுமார் 5 முதல் 8 செ.மீ. அகலம் இருக்கும். வைரத்திலிருந்து நிறத்தில் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

மரம் மக்கிப்போகாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை ஐரோப்பியத் தரநிலையான இஎன் 350 ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. ஒன்று மிக நல்லது, ஐந்து மோசம். இரோக்கோவின் வைரம் 1 முதல் 2 வரையான வகுப்பு. பூஞ்சைக்கு எளிதில் மசியாது, கரையானும் தயங்கும். வெள்ளைப் பகுதியோ எந்த மரத்து வெள்ளையும் போலத்தான், கடைசி வகுப்பு. ஆக ‘இரோக்கோ உளுத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: பலகையில் வெள்ளை எவ்வளவு இருந்தது?

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் இளம் வயதிலேயே வெட்டப்படும் தேக்கு, அதே தரநிலையில் 1 முதல் 3 வரை எங்கும் விழலாம். முதிர்ந்த இரோக்கோவின் வைரம் இளந்தேக்கை வென்றுவிடும் சந்தர்ப்பங்கள் நிஜமாகவே இருக்கின்றன. தேக்கு என்ற பெயரைவிட மரத்தின் வயது முக்கியம்.

வைரத்துக்கு இந்தக் காப்பு எங்கிருந்து வருகிறது? மரம் தன் செல்களில் நிரப்பி வைக்கும் இயற்கைப் பொருட்களிலிருந்து. அவற்றில் பேர்போனது குளோரோஃபோரின் என்ற பீனால் வகைச் சேர்மம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தூளைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

எண்கள் என்ன சொல்கின்றன

12 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்ந்த நிலையில் சராசரியாகக் கிடைக்கும் அளவுகளைத் தேக்கோடு ஒப்பிடலாம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இவை கொஞ்சம் கூடிக் குறையும்.

1. அடர்த்தி: இரண்டும் கன மீட்டருக்கு சுமார் 650 முதல் 660 கிலோ. கையில் தூக்கிப் பார்த்துப் பிரிக்க முடியாது.

2. கடினம்: ஜான்கா சோதனையில் ஒரு எஃகுக் குண்டைப் பாதியளவு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். இரோக்கோவுக்கு சுமார் 5,600 நியூட்டன், தேக்குக்கு சுமார் 4,700.

3. விறைப்பு: பளு ஏறும்போது வளையாமல் நிற்கும் தன்மை. இரோக்கோ சுமார் 9.4 கிகாபாஸ்கல், தேக்கு சுமார் 12.3.

4. சுருக்கம்: பச்சை மரம் முழுக்க உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் இரோக்கோ சுமார் 3.8 சதவீதம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 2.8 சதவீதம் சுருங்கும். தேக்குக்கு இவை 5.3, 2.6.

மூன்றாவது எண்ணைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நகத்தால் கீறிப் பார்த்தால் இரோக்கோ தேக்கைவிடக் கெட்டி. ஆனால் அதே அளவு உத்தரமாகப் போட்டு அதே பளுவை ஏற்றினால் இரோக்கோ ஏறத்தாழ 30 சதவீதம் அதிகமாகத் தொய்யும். கெட்டியாக இருப்பதும் வளையாமல் இருப்பதும் ஒன்றல்ல. தேக்குக்குப் போட்ட அதே கணக்கில் இரோக்கோ உத்தரம் போடுவது தவறு.

நான்காவது எண் இரோக்கோவுக்குச் சாதகமானது. இரண்டு திசைச் சுருக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தூரம் பலகை குழிந்து வளையும். இரோக்கோவில் அந்த விகிதம் 1.4, தேக்கில் 2. ஈரக்காலம், வறண்ட காலம் என்று மாறிமாறி வந்தாலும் கதவு இறுகிக்கொள்வதும் இடைவெளி விடுவதும் குறைவு. உலர்த்துவதும் பெரிய பாடு இல்லை. ஓரளவு வேகமாகவே உலரும், சில பலகைகளில் லேசான கோணலும் முனை வெடிப்பும் வரலாம்.

பின்னிய ரேகை

சரி, பட்டறைக்கு வருவோம். இரோக்கோவின் நார்கள் நேராக மேலே போவதில்லை. சில ஆண்டுகள் தண்டைச் சுற்றி வலப்பக்கமாகச் சாய்ந்து வளரும், அடுத்த சில ஆண்டுகள் இடப்பக்கமாக. இப்படி மாறிமாறி அடுக்கு சேர்வதைப் பின்னிய ரேகை எனலாம். வெப்பமண்டல மரங்கள் பலவற்றிலும் இது உண்டு. இரோக்கோவில் சற்று தூக்கல்.

விளைவு இதுதான். மரத்தின் மையத்தை நோக்கி அறுத்த பலகையில் இரண்டு விரல் அகலத்துக்கு ரேகை உங்களை நோக்கியும், அடுத்த இரண்டு விரலுக்கு எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கமிருந்து இழைப்புளியைத் தள்ளினாலும் பாதிப் பட்டைகள் வழவழப்பாக வரும், மீதிப் பட்டைகள் பிய்ந்துகொண்டு வரும். பலகையைத் திருப்பிப் போட்டாலும் பயனில்லை. பிய்யும் பட்டை இடம் மாறும், அவ்வளவுதான்.

வழி என்ன? இழைப்பு இயந்திரத்தில் கத்தி மரத்தைச் சந்திக்கும் வெட்டுக் கோணத்தை வழக்கமான 30 பாகையிலிருந்து 15 பாகை அளவுக்குக் குறைப்பது மரநூல்கள் சொல்லும் முறை. அப்போது கத்தி நாரைக் கிளப்பாமல் சுரண்டுவதுபோல் வெட்டும். கைவேலையில் இதற்குச் சமம், அலகைச் செங்குத்தாக நிறுத்திய இழைப்புளியும் சுரண்டு தகடும். எடுக்கும் சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும், கத்தி அன்று தீட்டியதாக இருக்க வேண்டும். கடைசி மெருகுக்கு உப்புத்தாள்தான். இழைப்புளியோடு மல்லுக்கட்டி வழவழப்பு வரவைக்கப் பார்ப்பது வீண்.

இதே பின்னல்தான் இரோக்கோவை எளிதில் பிளக்கவிடாமலும் பிடித்துக்கொள்கிறது. நார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்திருப்பதால் வெடிப்பு ஒரே கோடாக ஓடாது. ஆனால் நார்கள் பளுவின் திசையில் நேராக இல்லாததும் அதே பின்னலால்தான். முன்பு பார்த்த விறைப்புக் குறைவுக்கு இதுவும் ஒரு காரணம். வெளிச்சத்தில் திருப்பும்போது மாறிமாறி மின்னும் பட்டைகள்கூட இந்தப் பின்னல் தருவதுதான். அழகு வேண்டுமென்றால் இழைக்கும் சிரமமும் சேர்ந்தே வரும்.

மரத்துக்குள் கல்

இரோக்கோவின் மிக விசித்திரமான விஷயம் இது. அறுக்கும்போது ரம்பம் திடீரென்று கிரீச்சிட்டு, பல் மழுங்கி அல்லது உடைந்து நிற்கும். திறந்து பார்த்தால் உள்ளே வெண்ணிறக் கல். மரத்தின் வெடிப்புகளிலும் குழிகளிலும் படிந்து இறுகிய கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். பெரும்பாலும் தண்டு எங்கோ காயம்பட்ட இடத்தில் இருக்கும். வெளியே ரேகை அதை மூடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள மரம் வழக்கத்தைவிடக் கறுத்திருப்பது ஒன்றுதான் அடையாளம்.

மரத்துக்குள் சுண்ணாம்பு எப்படி வந்தது? இரோக்கோ மண்ணிலிருந்து எடுக்கும் கால்சியத்தை ஆக்சலேட் படிகங்களாகத் தன் திசுக்களில் சேர்த்து வைக்கிறது. அந்த ஆக்சலேட்டைத் தின்னும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதைக் கார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. இந்த மாற்றம் மரத்தைச் சுற்றியுள்ள மண்ணிலும் நடக்கிறது. ஐவரி கோஸ்டின் பிகா என்ற இடத்தில், சுண்ணாம்பே இல்லாத அமில மண்ணில் நின்ற இரோக்கோ மரங்களின் அடியில் சுண்ணாம்பு படிந்து மண் காரமாக மாறியிருந்ததைச் சுவிஸ் ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். காற்றிலிருந்த கார்பன் இப்படிக் கல்லாகி மண்ணில் தங்குவதால், பருவநிலையைப் பற்றிப் பேசுபவர்களுக்கும் இந்த மரம் மேல் ஒரு கண்.

பட்டறைக்காரருக்கு அதனால் ஆறுதல் கிடைக்கப்போவதில்லை. மற்ற குணங்களில் நல்லதும் கெட்டதும் சேர்ந்து வருகின்றன, கல்லில் மட்டும் மரத்தை வாங்குபவருக்கு எந்த நன்மையும் இல்லை. செய்யக்கூடியவை இரண்டு: டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பற்களைப் பயன்படுத்துவது, கறுத்த திட்டுகள் இருக்கும் இடத்தை ரம்பத்துக்குக் கொடுக்கும் முன் ஆராய்ந்து ஒதுக்குவது. அறுக்கும்போது முகக்கவசத்தோடு கண்ணாடியும் கட்டாயம், தெறிப்பது மரச்சில்லாக இல்லாமலும் போகலாம்.

தூள் ஏன் அரிக்கிறது

பூஞ்சையை விரட்டும் குளோரோஃபோரின் மனிதத் தோலிலும் தன் வேலையைக் காட்டும். இரோக்கோத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து தடிக்கும், கண் எரியும், தும்மல் நிற்காது. சிலருக்கு ஆஸ்துமாவே வருவதும் உண்டு. இது ஒவ்வாமை என்பதால் முதல் நாளில் ஒன்றும் தெரியாமல் போகலாம். உடல் ஒருமுறை அதைப் பகையாக அடையாளம் கண்டுவிட்டால், அப்புறம் கொஞ்சம் தூளே போதும்.

இதற்கு மேல், எல்லா மரத்தூளுக்கும் பொதுவான ஆபத்தும் இருக்கிறது. மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக, அதாவது முதல் பிரிவில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. மூக்கிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய்தான் அதில் முக்கியமானது.

எனவே தூளை உறிஞ்சும் குழாய், நன்றாகப் பொருந்தும் முகக்கவசம், வேலை முடிந்ததும் குளியல். முகத்தில் துணி கட்டிக்கொள்வதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம், நுண்தூள் அதற்குள் புகுந்துவிடும். செய்து முடித்துப் பூச்சு அடித்த கதவோ மேசையோ பொதுவாகத் தொல்லை தராது. உணவு வெட்டும் பலகைக்கு மட்டும் வேறு மரம் பார்ப்பது நல்லது.

ஒட்டு, ஆணி, பூச்சு

இதில் இரோக்கோ நல்ல பிள்ளை. தேக்கின் எண்ணெய்ப் பசை இதில் இல்லாததால் பசை நன்றாகப் பிடிக்கும். ஆணியும் திருகும் உறுதியாக நிற்கும், ஓரத்தில் அடிப்பதானால் முதலில் துளை போட்டுக்கொள்ளலாம். நுண்துளைகள் பெரியவை என்பதால் பளபளப்பு வேண்டுமென்றால் மக்கு இழுத்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய் வகை வார்னிஷ் சில பலகைகளில் நாள்கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும். மரத்திலுள்ள அதே பீனால் பொருட்கள் எண்ணெய் காய்வதைத் தடுப்பதே காரணம். அரக்குக் கரைசலை மெல்லிய முதல் பூச்சாக அடித்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

எதற்கு ஏற்றது, எதற்கு அல்ல

வெளிக்கதவு, ஜன்னல் சட்டம், தோட்ட இருக்கை, படகுக் கட்டுமானம், ஆய்வகங்களின் மேசைப் பலகை: இவை இரோக்கோ காலங்காலமாக நிரூபித்த இடங்கள். நனைந்து காய்ந்து நனையும் இடங்களில் அதன் இரண்டு பலங்களும், அதாவது உளுக்காத வைரமும் குறைந்த அசைவும், ஒருசேரப் பயன்படுகின்றன. நீண்ட உத்தரம், நுண்ணிய செதுக்கு வேலை ஆகியவற்றுக்கு இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒன்றில் விறைப்பு இடிக்கும், மற்றதில் ரேகை.

தோட்டமாக வளர்க்க முடியாத காரணம்

இவ்வளவு தேவையிருக்கும் மரத்தைத் தேக்கைப் போலத் தோட்டமாக நட்டு வளர்த்திருக்கலாமே? முயன்றார்கள். ஃபைட்டோலைமா என்ற சிறு பூச்சி குறுக்கே நின்றது. நாற்றின் இளந்தளிரில் அது முட்டையிட, தளிர் வீங்கிக் கழலைபோல் ஆகும். கழலை வெடித்ததும் அந்தப் புண்ணில் பூஞ்சை புகுந்து நாற்றின் நுனி கருகிவிடும். ஒரே இடத்தில் நெருக்கமாக நடும்போது பூச்சிக்கு விருந்துதான். கானாவின் குமாசியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பூச்சியைத் தாங்கும் நாற்று வகைகளைத் தேடிப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது.

அதனால் சந்தைக்கு வரும் இரோக்கோ ஏறக்குறைய முழுவதும் இயற்கைக் காட்டிலிருந்து வெட்டியதே. காட்டில் அதன் விதையைப் பரப்புவதில் பழந்தின்னி வௌவால்களுக்குப் பெரிய பங்கு. 1998-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிலீசியா எக்செல்சாவை அச்சுறுத்தல் நிலையை நெருங்கும் இனமாகவும், மிலீசியா ரீஜியாவை அழிய வாய்ப்புள்ள இனமாகவும் பட்டியலிட்டது. பெனினிலும் நைஜீரியாவிலும் இரோக்கோவைத் தெய்வம் குடியிருக்கும் மரமாக வணங்கும் வழக்கம் உண்டு. பெனினின் ஃபோன் மக்களிடம் அந்தத் தெய்வத்தின் பெயர் லோக்கோ. கோடரிக்குத் தப்பி ஊர் நடுவே நிற்கும் பெரிய இரோக்கோக்கள் பலவும் அப்படித் தப்பியவை. வாங்குபவர் வெட்டு அனுமதிக்கும் ஏற்றுமதிக்கும் உரிய தாள்களைக் கேட்க வேண்டும், அதில் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்று மட்டும் எழுதிய தாளைக் கொண்டு மரம் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

கையிலிருப்பது எது என்று பார்க்க

1. வாசனை. புதிதாக அறுத்த தேக்கில் தோல்பொருளை நினைவூட்டும் மணம் இருக்கும். இரோக்கோவுக்கென்று தனி மணம் கிடையாது.

2. தொட்டால். இழைத்த தேக்கில் எண்ணெய்ப் பசை விரலில் தெரியும். இரோக்கோ வறண்டிருக்கும்.

3. முனைவெட்டு. கூரிய கத்தியால் முனையைச் சீவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். தேக்கில் வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். இரோக்கோவில் துளைகள் எங்கும் பரவி, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர்நிறச் சிறகுபோல் ஒரு திட்டு விரிந்து பக்கத்துத் திட்டோடு கைகோத்திருக்கும். பலகையின் அகன்ற முகத்தில் இதே திட்டுகள் வெளிர்மஞ்சள் நெளிகோடுகளாகத் தெரியும்.

4. கல். உள்ளே வெள்ளையாக ஏதாவது அகப்பட்டால் பொடித்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கார்பனேட், மரம் இரோக்கோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேக்கிலும் கத்தியை மழுக்கும் கனிமம் உண்டு, ஆனால் அது சிலிக்கா. வினிகர் பட்டால் அசையாது.